வழக்கு போன வழி

போன ஆகஸ்டில் என் தங்கை மகள் நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தாள். ப்ளஸ் டூ படிக்கிறாள். வக்கீலாக வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டவள். தாளில் ஒன்பது சட்டக் கல்லூரிகள் இருந்தன: பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா, ஜோத்பூர், திருச்சியில் இரண்டு, சென்னையில் சீர்மிகு சட்டப் பள்ளி, மதுரை, காரைக்குடி.

"பெரியம்மா, இதுல எதுக்கெல்லாம் அப்ளை பண்ணட்டும்? எதை மேல போடட்டும்?"

1985-ல் இதே கேள்வியை நான் என் தாத்தாவிடம் கேட்டேன். அவர் சிவகங்கைக் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் நாற்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். வக்காலத்து நாமாவும் கோர்ட் ஸ்டாம்பும் அவர் கைக்குப் பழகிய சாமான்கள். கல்லூரிப் படிப்பு கிடையாது. அன்று அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை, திருப்பி ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தக் கோர்ட்டுல நிக்கப்போறேன்னு மொதல்ல சொல்லு தாயி. காலேஜை அப்புறம் பாப்போம்."

எனக்கு அப்போது அது கிழவர் பேச்சாகத்தான் பட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கவுன் போட்ட பிறகு அந்தக் கேள்விக்குள் ஒரு நீண்ட சரித்திரம் இருப்பது தெரிகிறது. நம் பக்கத்தில் வக்கீல் படிப்பு எங்கே படிப்பது என்பதை நூற்றைம்பது வருஷமாக முடிவு செய்து வந்தது கோர்ட்டு இருந்த இடம்தான். வழக்கு எந்த வழியாகப் போயிற்றோ அந்த வழியாகத்தான் படிப்பும் போயிருக்கிறது.

அந்த வழியைப் பார்க்க எங்கள் ஊர் வழக்கு ஒன்றே போதும். சிவகங்கை ஜமீன்தார் கௌரிவல்லபத் தேவர் 1829-ல் இறந்தார். ஆண் பிள்ளை இல்லை. அவருடைய அண்ணன் வழியினர், குடும்பம் பிரியாத குடும்பம், ஆகவே ஜமீன் எங்களுக்கு என்றார்கள். ஜமீன்தாரின் மனைவியரும் மகள்களும், இது அவர் தனியாக அடைந்த சொத்து, எங்களுக்குத்தான் வரவேண்டும் என்றார்கள். வழக்கு ஊரில் ஆரம்பித்துச் சென்னைக்குப் போய், கடைசியில் லண்டனில் பிரிவி கவுன்சில் வரைக்கும் ஏறியது. 1863-ல் அங்கே தீர்ப்பாயிற்று. குடும்பம் பிரியாமல் இருந்தாலும், ஒருவர் தானே சம்பாதித்த சொத்து அவருடைய மனைவிக்கும், அவளுக்குப் பின் மகளுக்கும் போகும் என்று சொல்லி, மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்த்தார்கள். தகப்பனார் இறந்து 34 வருஷம் ஆகியிருந்தது.

இந்துச் சட்டம் படிக்கிற ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பைப் படித்தாக வேண்டும். முதலாண்டு வகுப்பில் 'சிவகங்கை வழக்கு' என்று பேராசிரியர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் தினம் பஸ் ஏறிய ஊர், லண்டனில் அச்சான சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஊருக்குப் போனதும் தாத்தாவிடம் சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. "காயிதம் கப்பல் ஏறிப்போச்சு, நம்ம வக்கீல் ஒருத்தரும் கூடப் போகலை" என்றார்.

அவர் சொன்னது சரித்திரப்படி சரி. வழக்குக்கு ஊர், சென்னை, லண்டன் என்று மூன்று படி இருந்த மாதிரி வக்கீல்களுக்கும் மூன்று படி இருந்தது. எந்தப் படியில் நிற்க ஆசைப்பட்டாலும் அதற்கென்று ஒரு படிக்கும் இடம் இருந்தது.

கீழ்ப்படி பிளீடர். இதற்குக் கல்லூரியே தேவையில்லை. பரீட்சை எழுதித் தேற வேண்டும், மாவட்டக் கோர்ட்டுகளில் வாதாடலாம். படிப்பது எல்லாம் ஒரு மூத்த வக்கீலின் வீட்டுத் திண்ணையிலோ, சொந்தமாகப் புத்தகம் வாங்கியோதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்த முத்துசாமி ஐயர் 1856-ல் எழுதித் தேறியது அந்தப் பரீட்சையைத்தான். பிறகு அரசு வேலையில் இருந்துகொண்டே பி.எல். எழுதி, சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். அவருடைய பளிங்குச் சிலை உயர் நீதிமன்றத்துக்குள் இருக்கிறது. வ.உ.சிதம்பரனாரும் இந்தப் படியில் வந்தவரே. ஒட்டப்பிடாரத்தில் தகப்பனாரும் வக்கீல். மகன் திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்துத் தேறி, 1895-ல் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார். ஒட்டப்பிடாரம் கோர்ட்டில் நிற்க அந்தப் படிப்பு போதுமானதாக இருந்தது.

நடுப்படி சென்னை. உயர் நீதிமன்றம் 1862-ல் வந்தது. அதற்கு முன்பே 1855-லிருந்து மாநிலக் கல்லூரியோடு சேர்ந்து சட்ட வகுப்பு நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் வந்ததும் பி.எல். பட்டம் வந்தது. பட்டம் வாங்கியவர் ஒரு வருஷம் அனுபவமுள்ள வக்கீலிடம் அப்ரண்டிஸாக இருந்து பழகிவிட்டுத்தான் உயர் நீதிமன்ற வக்கீலாகப் பதிய முடியும். 1891-ல் சட்டக் கல்லூரி தனியாக ஆரம்பமாயிற்று. அடுத்த வருஷம் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம் திறந்தது. 1899-ல் அதை ஒட்டியே சட்டக் கல்லூரிக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. கோர்ட்டுக் கட்டடத்தை முடித்துக் கொடுத்த ஹென்றி இர்வின்தான் இதையும் கட்டினார். சேர்த்து வைத்த இரண்டு வீடு மாதிரி கோர்ட்டும் கல்லூரியும் நின்றன. தெலுங்கு ஜில்லாக்களிலிருந்தும் மலபாரிலிருந்தும் கன்னடக் கரையிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படித்தார்கள். மாகாணம் முழுவதற்கும் மேல்கோர்ட்டு அங்கே இருந்தது, அதனால் அவர்களும் அங்கே வந்தார்கள்.

மேல்படி லண்டன். சிவகங்கை வழக்கு தீர்ப்பான அதே 1863-ல், யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் வந்த முத்து குமாரசுவாமி லண்டனில் லிங்கன்ஸ் இன் என்ற வக்கீல் சங்கத்தில் பாரிஸ்டர் ஆனார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அங்கே பாரிஸ்டர் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. பின்னாளில் கலை வரலாறு எழுதிய ஆனந்த குமாரசுவாமியின் தகப்பனார் அவர். அங்கே பாரிஸ்டர் படிப்புக்குப் பரீட்சையைவிட முக்கியம் 'டெர்ம்' வைப்பது. மூன்று வருஷத்தில் பன்னிரண்டு டெர்ம். ஒவ்வொரு டெர்மிலும் இத்தனை தடவை இன்னின் கூடத்தில் எல்லோருடனும் உட்கார்ந்து இராச்சாப்பாடு சாப்பிட வேண்டும். 1888-லிருந்து 1891 வரை இன்னர் டெம்பிள் என்ற இன்னில் படித்த காந்தி இதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். நாலு பேருக்கு இரண்டு புட்டி ஒயின் வைப்பார்களாம். அவர் குடிக்காதவர் என்பதால் அவரைத் தங்கள் மேசைக்கு இழுக்கப் பலரும் போட்டி போட்டார்களாம்.

இப்போது கேட்டால் விநோதமாக இருக்கும் அந்தச் சாப்பாட்டுக்குள் ஒரு பழைய உண்மை இருந்தது. அந்த மேசைகளில் வருங்கால வக்கீலும், இன்றைய வக்கீலும், நீதிபதியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். தொழிலைத் தொழில் செய்கிறவர்களின் பக்கத்தில் இருந்து பிடிக்க வேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள். நம் ஊர்த் திண்ணைப் படிப்பும் சென்னையின் அப்ரண்டிஸ் வருஷமும் அதே நம்பிக்கையில் வந்தவைதான்.

ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு ஏறியவர்களும் உண்டு. திருச்சியில் பிளீடராக இருந்த வ.வே.சு. ஐயர் ரங்கூன் போய், அங்கிருந்து 1907-ல் லண்டன் லிங்கன்ஸ் இன்னுக்குப் போனார். ஏறாமலே மேல்படி ஆட்களோடு சமமாக நின்றவர்கள் சென்னை வக்கீல்கள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் உயர் நீதிமன்றத்திலேயே நேராகத் தொடங்கும் ஒரிஜினல் சைடு வழக்குகளில் பாரிஸ்டர்களுக்கு இருந்த தனியுரிமையைச் சென்னை வக்கீல்கள் ஆரம்பத்திலேயே உடைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான பாஷ்யம் ஐயங்கார் 1897-ல் அட்வகேட் ஜெனரல் பொறுப்பையே பார்த்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். லண்டன் போகாமல், சென்னையில் படித்த படிப்பிலேயே அது முடிந்தது.

பெண்களுக்கு இந்த மூன்று படியும் நெடுநாள் மூடியிருந்தன. கார்னிலியா சோராப்ஜி 1892-லேயே ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதினார். பட்டம் கையில் கொடுக்க முப்பது வருஷம் ஆயிற்று. பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 1923-ல் சட்டம் வந்த பிறகுதான் இங்கே கதவு திறந்தது. சென்னை சட்டக் கல்லூரியில் படித்த ஆனந்த பாய் 1929-ல் உயர் நீதிமன்றத்தில் பதிந்தார். நான் அந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போன 1986-ல்தான் உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை வந்தார். நாங்கள் விடுதித் தோழிகள் ஐந்து பேர் அவர் உட்கார்ந்த கோர்ட்டு ஹாலுக்குப் போய்ப் பின்வரிசையில் ஓரமாக நின்றோம். வழக்கு என்னவென்று ஒன்றும் ஞாபகமில்லை. மேலே அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், எல்லாரும் அவரைப் பார்த்து 'மை லேடி' என்றார்கள். அது ஞாபகம் இருக்கிறது.

தாத்தா கேள்விக்கு நான் சொன்ன பதில் "ஹைகோர்ட்டு" என்பதுதான். "அப்ப மெட்ராசுக்குப் போ" என்றார். மதுரையில் 1974-லேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது; திருச்சியிலும் கோவையிலும் 1979 வாக்கில் வந்தன. பி.ஏ. படித்த மதுரையிலேயே பி.எல்.லும் படித்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். தாத்தா மட்டும் அசையவில்லை.

போய்ப் பார்த்த பிறகு எனக்குக் காரணம் தெரிந்தது. கல்லூரி வளாகத்தில் கோபுரம் மாதிரி கூம்பிய பழைய கல்லறை ஒன்று உண்டு. அந்த இடம் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் இடுகாடு. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகை போட்டபோது இந்தக் கல்லறைகளையே மறைவாக வைத்துச் சுட்டார்கள் என்பதால், பின்னால் ஆங்கிலேயர்கள் பெரும்பாலானவற்றை அப்புறப்படுத்திவிட்டார்கள். தப்பியவற்றில் ஒன்று ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியும், கவர்னர் எலிஹு யேலின் சின்னஞ்சிறு மகன் டேவிட்டும் கிடக்கும் கல்லறை. அந்த யேல் 1718-ல் கொடுத்த நன்கொடைக்காகத்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயர் வைத்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் விண்ணப்பம் போடத் துடிக்கும் சட்டப் பள்ளி ஒன்று அந்தப் பெயரில் இருக்கிறது. அவருடைய குழந்தையின் கல்லறை நிழலில் நாங்கள் ஒப்பந்தச் சட்டம் உருப்போட்டோம்.

வகுப்பு முடிந்தால் ரோடு தாண்ட வேண்டியதில்லை. அப்படியே உள்ளே நடந்து, காஸ் லிஸ்ட் ஒட்டிய பலகையைப் பார்த்து, எந்த ஹாலில் பெரிய வழக்கு இருக்கிறதோ அங்கே போய் நிற்போம். கேள்வி கேட்கும் நீதிபதியைச் சீனியர் எப்படி வேறு பக்கம் திருப்புகிறார், ஜூனியர் எந்தக் கணத்தில் பக்கம் திருப்பிய புத்தகத்தை நீட்டுகிறார், தோற்கப்போகிற வழக்கில் குரலை எவ்வளவு தணிக்க வேண்டும் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை. நான் இன்று செய்கிற வேலையில் பாதி அந்தப் பின்வரிசையில் கற்றது.

நான் படித்த காலத்துக்குள் மூன்று படிகளும் ஒன்றாகிவிட்டிருந்தன. 1949-ல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் மேல்முறையீடு நின்றது. 1961-ல் வந்த வழக்கறிஞர்கள் சட்டம் பிளீடர், வக்கீல், பாரிஸ்டர் என்ற பேதத்தை எடுத்துவிட்டு எல்லோரையும் அட்வகேட் என்ற ஒரே பட்டியலில் சேர்த்தது. அது செய்த நன்மை பெரிது. என் தாத்தாவைப் போன்ற குமாஸ்தாக்களின் பேரப் பிள்ளைகள் நிறையப் பேர் கவுன் போட்டார்கள். ஆனால் அதோடு ஒன்று நழுவிப்போயிற்று. பதிவதற்கு முன் பயிற்சி பெற வேண்டும் என்ற விதியை 1973-ல் எடுத்துவிட்டார்கள். பார் கவுன்சில் பிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. கோர்ட்டு வாசனையே இல்லாமல் பட்டம் வாங்கலாம் என்றானபோது, அடுத்த மாநிலத்து ஏதோ ஒரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டுப் பரீட்சைக்கு மட்டும் போய்வந்தவர்கள் பெருகினார்கள். என்னிடம் ஜூனியராக வந்த ஒரு பையன் தன் கல்லூரி வாசலை மொத்தம் ஏழு தடவை பார்த்ததாகச் சொன்னான். நல்ல பையன், புத்திசாலி. வாய்தா கேட்கக்கூட அவனுக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷத்தை அவனிடமிருந்து யாரோ திருடிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இதற்கு நேர் எதிரான முயற்சி பெங்களூரில் நடந்தது. என்.ஆர்.மாதவ மேனன் தலைமையில் தேசிய சட்டப் பள்ளி 1988-ல் முதல் வகுப்பைத் தொடங்கியது. ப்ளஸ் டூ முடித்ததும் ஐந்து வருஷம் முழு நேரப் படிப்பு, தீர்ப்புகளை வகுப்பில் வைத்து விவாதிப்பது, மாதிரி நீதிமன்றம், சட்ட உதவிக்காக ஜனங்களிடம் போவது. ஹைதராபாத், போபால், கொல்கத்தா, ஜோத்பூர் என்று அதே வார்ப்பில் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பரீட்சை எழுத ஊர் ஊராக அலைந்த பிள்ளைகளுக்காக 2008-ல் 'கிளாட்' என்ற பொதுத் தேர்வு வந்தது. திருச்சி நவலூர்குட்டப்பட்டில் 2013-ல் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் வந்தது. நம் அரசு கல்லூரிகளிலோ இன்றும் ப்ளஸ் டூ மார்க்கும் கலந்தாய்வும்தான். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழி படித்த பிள்ளைக்குத் திறந்திருக்கும் வாசல் அது. அதைக் குறைவாகப் பேசுகிறவர்களிடம் நான் சண்டை போடுவேன்.

நான் படித்த கல்லூரி இப்போது அங்கே இல்லை. 1990-ல் அதற்கு டாக்டர் அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 2008-ல் மாணவர்களுக்குள் நடந்த கொடிய மோதலுக்குப் பிறகு இடம் மாற்றும் பேச்சு வலுத்தது. 2018-ல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போயிற்று. மாணவர்கள் போராடினார்கள். புதிய இடத்தில் நல்ல கட்டடம், விசாலமான வகுப்பு என்றெல்லாம் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் வகுப்பு முடிந்து நடந்து போய்ப் பின்வரிசையில் நிற்க அங்கிருந்து முடியாது.

சென்னையில் அந்த நடை போன அதே காலத்தில் தெற்கே இன்னொன்று நடந்திருந்தது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிக் கட்சிக்காரர்கள் ஹைகோர்ட்டு வேலைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரசில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழும்பூர் வந்து இறங்குவார்கள். மஞ்சள் பையில் கேஸ் கட்டு, தூக்குச் சட்டியில் புளிச்சோறு. வழக்கு எடுக்கப்படாமல் தள்ளிப்போனால் அன்றிரவே திரும்ப ரயில். 2004 ஜூலை 24-ம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தது. நான் அடுத்த வருஷமே ஜாகையை மாற்றிக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டேன். தாத்தா அதைப் பார்க்க இல்லை. இருந்திருந்தால், இனி மெட்ராசுக்குப் போ என்று எந்தப் பேத்தியிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே தங்கை மகளின் ஒன்பது பெயர்களுக்கு நானும் பதில் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பள்ளி விடுமுறை, கிளைக்குக் கூட்டிப்போனேன். ஒத்தக்கடைப் பக்கம் கார் திரும்பும்போதே நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று எனக்கு இருந்தது திருப்புவனம் பக்கத்து அக்கா தங்கை இருவர் அப்பா நிலத்தில் பங்கு கேட்டுப் போட்ட இரண்டாம் மேல்முறையீடு. அப்பா தனியாக வாங்கிய நிலமா, குடும்பத்து நிலமா என்பதுதான் கேள்வி. அவள் பின்வரிசையில் நின்றாள். பன்னிரண்டு நிமிஷம் வாதம். பிறகு நீதிபதி வேறு தேதிக்குப் போட்டார். வெளியே வந்ததும் மூத்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜட்ஜ் ஐயா நம்ம பக்கமாத்தானம்மா பாத்தாரு?" என்று கேட்டார். நான் அவருக்கு எதிர்த்தரப்பு சொன்னதையும் விளக்கி, பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு வந்தேன்.

காரில் வரும்போது காத்தம நாச்சியார் வழக்கை அவளுக்குச் சொன்னேன். தானே சம்பாதித்த சொத்து மகளுக்கு வரும் என்று லண்டனில் போய் வாங்கிய தீர்ப்பு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அந்த அக்காவும் அதையேதான பெரியம்மா கேக்குறாங்க? இப்ப லண்டனுக்குப் பதிலா ஒத்தக்கடை" என்றாள்.

பெண்களுக்கும் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்த பிறகும் நிலத்தை எழுதி வாங்கக் கோர்ட்டு ஏற வேண்டியிருக்கிறது. அதை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தாள். ஒவ்வொரு கல்லூரிக்கும் எதிரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எந்தக் கோர்ட்டு, எத்தனை தூரம், மாணவர்களை உள்ளே விட்டுப் பழக்குகிறார்களா, ஐந்து வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு செலவு என்று எழுதினாள். தெரியாததை அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே போனில் கேட்டாள். இரண்டு வாரம் பிடித்தது. கொல்கத்தாவையும் ஜோத்பூரையும் அவளே அடித்தாள். கிளாட் ஒரே விண்ணப்பம்தான், விருப்ப வரிசை மட்டும் அவள் கையில். அதில் பெங்களூரு முதலில், திருச்சி அடுத்து, ஹைதராபாத் பிறகு. அரசு கல்லூரிகளுக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கலந்தாய்வு அறிவிப்பு ப்ளஸ் டூ முடிந்து வரும். அந்த வரிசையில் முதலில் எழுதியிருந்த பெயர் மதுரை. மாவட்டக் கோர்ட்டு அங்கிருந்து கூப்பிடு தூரம், கிளைக்குப் பஸ் இருக்கிறது.

எது கிடைத்தாலும் போவாள். தாளின் தலைப்பில் கல்லூரிகளின் பெயர்களுக்கு மேலே அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். தாத்தாவின் கேள்வியை நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அதற்குப் பதில் அது. 'சிவகங்கைக்காரங்க வழக்கு வர்ற கோர்ட்டுல.'